அராபா குறுக்கிடாத சனிக்கிழமை

“இதுல யாருடீ பேசறது, அப்பனா மகளா...”

“காதைக் குடுத்துக் கேளு, தானா...”

“ரெண்டும் ஒரே மாதிரிதான் பேசுதுங்க. அப்பனுக்கு ஒரு இருமலாவது குடேன்...”

“அராபா, என்னை முடிக்க விடு.”

கானாவில் எங்கள் கேப் கோஸ்ட் எழுத்தாளர் வட்டத்தில் பதினொரு வருஷம் நான் கதை வாசித்த லட்சணம் இதுதான். எனக்குக் கதை என்றால் பேச்சு; வர்ணனை வராது. அதனால் நான் வாசிக்கும்போது மட்டும் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வதென்று ஓர் ஏற்பாடு. ‘முடிந்தது’ என்று நான் சொல்லும்வரை திறக்கக் கூடாது. அராபா கண்ணை மூடுவாள், வாயை மூட மாட்டாள். இரண்டாம் பக்கத்தில் கேலி, மூன்றாம் பக்கத்தில் அறையே சிரிப்பு, அப்புறம் பொரித்த மீனும் கெங்கி என்கிற சோள உருண்டையும் வந்துவிடும். என் கதை ஒன்றுகூடக் கரை சேர்ந்ததில்லை. மற்றபடி அவளைப்போலச் சிநேகிதி கிடையாது. என் பல்வலிக்கு என்னைவிட அதிகம் அழுதவள்.

அந்தச் சனிக்கிழமை ஹார்மட்டான் காற்று, அறைக்குள்ளேயே புழுதி. அராபாவுக்கு ஆஸ்துமா. நான்காம் பக்கத்தில் இழுக்க ஆரம்பித்தது. மற்ற ஏழு பேரும் அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தார்கள். “சும்மா இரு அராபா” என்றுகூட ஒருவர் சொன்னார். மூச்சு முட்டி அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்; அப்போது கண் திறந்திருந்தது எங்கள் இருவருக்கும்தான்.

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மருந்து இருந்த அவள் கைப்பை என் காலடியில் கிடந்தது. அதைக் கைகாட்டினாள். இதோ என்பதுபோல் தலையாட்டினேன். பிறகு பையைக் காலால் என் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினேன்.

அவசரப்படவில்லை. மகள் கோபிக்கும் இடத்தில் கோபமாகவும், அப்பன் கெஞ்சும் இடத்தில் குழைந்தும் வாசித்தேன். ஒன்பதாம் பக்கத்தின் கடைசியில் ‘முடிந்தது’ என்றேன். முதலில் கைதட்டினார்கள். அப்புறம்தான் கண்ணைத் திறந்தார்கள்.

டாக்டர் புழுதியைக் குற்றம் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

எட்டாம் நாள் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்திப் போனேன். நிஜமாகவே அழுதேன். அராபாவின் மகள் எசி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆன்ட்டி, நீங்க எதிர்லதானே இருந்தீங்க. அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?”

“ஒரு வார்த்தை பேசலைம்மா. மொத தடவையா என் கதையைக் கடைசி வரைக்கும் கேட்டா. ரொம்பப் பிடிச்சிருந்துது அவளுக்கு.”