நடு அடுக்கு

தூண்டிலுக்கான பின்னல் நூலை ரீலில் சுற்ற இரண்டு பேர் வேண்டும். தனியாகவும் சுற்றலாம், ஆனால் நன்றாக வராது. ஒருவர் ரீலின் கைப்பிடியைச் சுழற்றுவார். மற்றவர் நூல்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியால் நூலை இறுக்கிப் பிடித்தபடி விட்டுக்கொண்டே இருப்பார். பிடி இறுகினால்தான் சுற்று இறுகும்.

என் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் மாரியேட்டா, என் மனைவி. எங்கள் ஊரான கோமிஷாவின் படகுக்காரர்கள் கோடை தொடங்குமுன் தங்கள் ரீல்களை எங்களிடம் கொண்டுவருவார்கள். நான் ஸ்பிளிட் நகரத்தில் இயந்திரவியல் படித்தவன் என்பதற்காக அல்ல. ஊரில் எனக்குப் 'புத்தக மாப்பிள்ளை' என்று பெயர். அவளுடைய பிடிக்காகத்தான் வந்தார்கள்.

"படிப்பு உன்னுது, காய்ப்பு என் கையில" என்பாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் பாவாடை நனையும். நான் மாற்றிக்கொள்ளச் சொன்னால், "நனஞ்சா என்ன, எனக்கென்ன துரு பிடிக்கப்போகுதா?" என்று சிரிப்பாள்.

போன திராட்சை அறுவடையில் அவள் இறந்துபோனாள். அதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

அவர்கள் குடும்பத்துத் திராட்சைத் தோட்டம் எதிரே உள்ள சின்னத் தீவில் இருக்கிறது. அறுவடைக்கு அவளும் அவள் அம்மாவும் போயிருந்தார்கள். அவர்களை அங்கே இறக்கிவிட்டு, அவள் அண்ணன் புரோஸ்பெரும் நானும் அவன் படகில் சூரை பிடிக்க மேற்கே போனோம். மாலையில் திரும்பும்போது கூட்டிப்போவதாகப் பேச்சு. அந்தக் கரையில் செல்பேசி எடுக்காது. பின்னால் மலை இருப்பதால் கைவயர்லெஸ்ஸும் கடல் பக்கமாக மட்டும்தான் எட்டும். அன்று கடல் பக்கத்தில் இருந்தது எங்கள் படகு மட்டும்.

சூரை மாட்டி இழுபறியில் இருந்தபோது அத்தையின் குரல் வந்தது. "மாரியேட்டாவுக்கு வயித்துல வலி தாங்கல. ரத்தம் போகுது. நிக்க முடியல. சீக்கிரம் வாங்கடா, கேக்குதா?"

கேட்டது. நூலை வெட்டினால் நாங்கள் கிளம்பிவிடலாம். இழுத்துக்கட்டிய பின்னல் நூலில் கத்தி முனை பட்டாலே போதும், தெறித்துவிடும். கத்தி புரோஸ்பெர் கையில் இருந்தது. அவன் வெட்டவில்லை.

மீனை மேலே கொண்டுவந்தோம். நல்ல மீன். படகின் ஓரத்தில் கட்டிக்கொண்டு தீவுக்குப் போனோம். மாரியேட்டா திராட்சைக் கூடைகளுக்கு நடுவே கிடந்தாள். அத்தை அவள் முகத்தைத் துணியால் மூடியிருந்தாள். அவளை ஏற்ற இடம் போதாமல் கூடைகளைக் கரையிலேயே விட்டுவிட்டோம். மீனை யாரும் அவிழ்க்கவில்லை. ஊர் திரும்பும்வரை அவள் தலைக்குப் பக்கத்தில், பலகைக்கு வெளியே, அது மோதிக்கொண்டே வந்தது.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் மருத்துவர். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் நேர்மையானவர்.

நான் சத்தம் போட்டு அழவில்லை. யாரையும் ஏசவில்லை. புரோஸ்பெர் பனிக்காலம் முழுக்க என் வீட்டுக்கு வந்துபோனான். மத்திமீன் வைத்துச் சுட்ட ரொட்டியை அவன் அம்மா கொடுத்தனுப்புவாள். மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். அவள் பெயரை அவனும் சொல்ல மாட்டான், நானும் சொல்ல மாட்டேன்.

வெயில் வந்ததும் தன் பெரிய ரீலைக் கொண்டுவந்தான். இங்கே ஸ்டேஷனில் உங்கள் மேசைமேல் இருப்பது அதுதான்.

"பழைய நூலு உப்பேறிப் போச்சு மாப்ளே. புதுசு வாங்கியாந்திருக்கேன். யார் பிடிக்கிறது?"

"நீதான் பிடிக்கணும் மச்சான்."

"என் பிடி அவ பிடி ஆகுமா?" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது.

தளர்வாகச் சுற்றிய நூல் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்டீர்கள். மீன் இழுக்கும்போது, மேலே உள்ள நூல் கீழே உள்ள தளர்ந்த சுற்றுகளுக்குள் இறங்கிவிடும். ஈர மணலில் கால் புதைவதுபோல. புதைந்த பிறகு வெளியே ஓடாது. ரீலில் பிரேக்கை எவ்வளவு தளர்த்தினாலும் பயனில்லை. மீன் நூலை இழுக்க முடியாமல் தூண்டில் கோலை இழுக்கும். கோல் ஆளோடு கட்டியிருக்கும். தோளையும் இடுப்பையும் சுற்றி வரும் வாரை ரீலிலேயே கொக்கியால் மாட்டியிருப்பார்கள். பாரம் இழுக்கும்போது அந்தக் கொக்கியைக் கழற்ற முடியாது.

புரோஸ்பெருக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் ரீலைத் தளர்வாகச் சுற்றிக்கொடுத்தால் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். அதனால் அடியிலும் மேலேயும் கல்லாக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் தளர வேண்டும்.

அடி அடுக்கைச் சுற்றும்போது பந்தாட்டம் பேசினோம். அவன் நடுவரைத் திட்டத் திட்ட நூல் வீணைத் தந்திபோல் நின்றது. அடி முடிந்தது. நான் கைப்பிடியை நிறுத்தாமல், "மாரியேட்டா இங்கதான் உக்காருவா" என்றேன்.

அவன் கை தளர்ந்தது. கைப்பிடியில் அது உடனே தெரிந்தது.

நான் சுழற்றிக்கொண்டே பேசினேன். பாவாடை நனைவதைச் சொன்னேன். துருப் பேச்சைச் சொன்னேன். பிறக்கப்போகும் பிள்ளை பெண்ணென்றால் என்ன பெயர் வைப்பதென்று அவள் யோசித்திருந்ததைச் சொன்னேன். பிள்ளை இருந்தது அதுவரை அவனுக்குத் தெரியாது. அவன் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், நூலைப் பிடித்திருந்த அதே துணியால். ஒரு கையில் நூல் சும்மா வழுக்கிக்கொண்டு வந்தது.

"இன்னைக்குத்தான்டா அவளப் பத்தி வாயத் தொறந்திருக்க" என்றான். "பேசு மாப்ளே. நிறுத்தாத."

நான் நிறுத்தவில்லை. எனக்கு வேண்டிய அளவு தளர்ந்த சுற்றுகள் ஏறியதும் நிறுத்தினேன். பிறகு, பெனால்டி கொடுக்காமல் போன அந்த நடுவரைப் பற்றி ஏதோ கேட்டேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவனா, அவன் கண்ணுல ஆலிவ் கொட்டையத்தான் வச்சிருக்கான்" என்றான். நூல் மறுபடி இறுகியது. கடைசி அடுக்கு அழகாக விழுந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "அவ சுத்துன மாதிரியே இருக்கு" என்றான். என்னைக் கட்டிக்கொண்டான். நாங்கள் பழச்சாராயம் குடித்தோம்.

அன்று போல் நன்றாக அவளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

அந்தப் புது நூலோடு போன நாளில் படகில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. வார் கட்டுகிறவன் முதலில் தன் கத்தியைக் கூட வருபவனிடம் கொடுத்துவிடுவான். முரட்டு மீன் ஆட்டும்போது இடுப்பில் கத்தி இருப்பது ஆபத்து. இன்னொன்று, வாரில் இருப்பவன் வாய்திறந்து சொல்லாமல் வேறு எவனும் கோலையோ நூலையோ தொடக் கூடாது. தொட்டால் அது அவன் பிடித்த மீனாகாது. துறைமுகத்தில் அதைத் தூக்கி நிறுத்தும்போது யாரும் கோப்பை உயர்த்த மாட்டார்கள். 'பாதி மீன்காரன்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். அந்தப் பெயர் கல்லறைக் கல்வரைக்கும் வரும்.

புரோஸ்பெர் கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு வாரைக் கட்டிக்கொண்டான். சுக்கானில் நான் இருந்தேன். மீன் எடுத்ததும் ஊளையிட்டான். "வந்துட்டாடா மகராசி! மாப்ளே, வீட்டுல அடுப்பப் பத்த வைக்கச் சொல்லு!" நூல் ஓடியது. கல்லான மேலடுக்கு தீரும்வரை பாடிக்கொண்டே ஓடியது. பிறகு நின்றது.

அவன் கீழே பார்த்தான். பிரேக்கைத் தளர்த்தினான். முழங்கால்கள் படகின் விளிம்பில் மோதின.

"புதைஞ்சிருச்சு. மாப்ளே, படகப் பின்னால எடு."

பின்னால் எடுத்தால் நூல் தொய்யும், அவன் தப்பிப்பான். நான் முன்னால் தள்ளினேன். கொஞ்சம்தான்.

"பின்னாலடா! வெட்டு, நூல வெட்டு!"

கத்தியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் மச்சான்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அந்த வார்த்தைகள் அவனுக்கு நினைவிருந்தன. கத்துவதை நிறுத்திவிட்டான். வாய் மட்டும் அசைந்தது. அடுத்த இழுப்பில் அவன் விளிம்பைத் தாண்டிப் போனான். தண்ணீர் பெரிதாகத் தெறிக்கவில்லை. சூரை நேராகக் கீழே போகும் மீன்.

நான் கத்தியை உறையில் போட்டுவிட்டு வயர்லெஸ்ஸில் உதவி கேட்டேன். வலைப் படகு அவனைத் தூக்கியபோது வார் அவிழாமல் இருந்தது. நூல் எங்கோ அறுந்துபோயிருந்தது. ரீல் உங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. நடு அடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது உங்களுக்கு மட்டும்தான். அதற்காக உங்களை மதிக்கிறேன்.

அத்தை இப்போதும் எனக்குச் சாப்பாடு போடுகிறாள். இரண்டு பிள்ளைகளையும் கடல் தின்றுவிட்டது, நீயாவது இரு என்கிறாள். "அவன் கடைசியா ஏதும் சொன்னானா அந்த்ரோ?" என்று கேட்டாள். "அடுப்பப் பத்த வைக்கச் சொன்னான் அத்தே" என்றேன். பொய் இல்லை.

இப்போது நீங்கள் வேறு ஒன்று கேட்கிறீர்கள். அறுவடை நாளில் கத்தி புரோஸ்பெரிடம் இருந்தது என்றால், வார் யாரிடம் இருந்தது என்று. வழக்கத்தைச் சொன்னதே நான்தான், மறைத்துப் பயனில்லை. வார் என் தோளில் இருந்தது. எனக்கு அது முதல் சூரை. வயர்லெஸ்ஸில் அத்தை பேசி முடிக்குமுன்பே அவன் கத்தியோடு வந்துவிட்டான். "வெட்டிரட்டுமா மாப்ளே?" என்றான். இன்னும் கொஞ்சம் என்றேன். மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை கேட்கும்போது அழுதுகொண்டிருந்தான்.

ஆனால் படகு அவனுடையது. தங்கை அவனுடையவள். கத்தியும் அவன் கையில்.

அவன் என்னைக் கேட்டிருக்கக் கூடாது.