மாடித் தொட்டியின் ஜோடி மீன்

திரேஸ்புரம் போகிற மினிபஸ்ஸில், வீட்டு மாடியில் ஏஞ்சல் மீன் வளர்க்கும் ஒரு பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

“புருசன் பொண்டாட்டின்னு நெனச்சேன்ளா. ரெண்டும் பொட்டை!”

பஸ்ஸில் மற்றவர்களின் பேச்சு நின்றுவிட்டது.

“ஏளா, எப்பிடித் தெரிஞ்சிச்சு?”

“நேத்து ரெண்டும் மாறி மாறி முட்டை போடுது. அதான் இதுவரை ஒரு குஞ்சும் வரல. இந்தத் தடவையும் வரலைன்னா தொட்டியெல்லாம் வித்துருவேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு.”

“இன்னொண்ணு கெடந்துச்சே, அதுதான் ஆணா இருக்கும். அதச் சேத்து விடு.”

“எல்லாத்தையும் கொத்துதுன்னு அத எங்க மதினிக்குல்லா குடுத்துட்டேன்!”

“போன் போட்டுத் திருப்பிக் கேளு.”

போன் போட்டாள். “மதினி, முந்தாநாள் தந்த மீனு இருக்கா?” பதிலைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னாச்சுளா?”

“வறுத்துத் தின்னுட்டாவளாம். ஒரே முள்ளுன்னு கொறை வேற சொல்லுதாவ.”