விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ்

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் போடுவது பெரிய வேலையில்லை சார். டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தைப் பிரித்து, புதியதை அங்கே போட வேண்டும். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். ஒன்று இன்னொன்றைத் தொடாது. திண்டிவனத்தில் இதைச் சுத்தமாகச் செய்கிற கடை என்னுடையதுதான்.

அமலா வந்த அன்று நல்ல மழை. எம்.எஸ்சி. கடைசி வருஷம் என்றாள். மல்லாட்டைச் செடியின், அதாவது வேர்க்கடலைச் செடியின், இலையைப் படம் எடுத்தால், என்ன நோய் என்று கணினியே சொல்லிவிடுமாம். அப்படி ஒரு புராஜெக்ட். அதை ஓட்டிக் காட்ட லினக்ஸ் வேண்டும்.

“விண்டோஸ்ல இருக்கிறது எதுவும் போயிடக் கூடாதுண்ணா. காடு காடா சுத்திக்கினு எடுத்த போட்டோ. வேற காப்பி இல்ல. திங்கக்கிழமை காட்டுனாதான் டிகிரி.”

“பயப்படாத. எந்த ஊரும்மா?”

“மயிலத்துக்கிட்டண்ணா.”

“ஊருக்குள்ளயா, காலனியா?”

“காலனிண்ணா.”

எல்லாரிடமும் கேட்பதுதான். சாதி பார்க்கிற புத்தி எனக்குக் கிடையாது. மழையில் நிற்க வேண்டாம் என்று நான்தான் உள்ளே உட்காரச் சொன்னேன். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். கருவாட்டுக் குழம்பு. அந்தச் சின்ன அறையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. விரலை நக்கினாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். கை கழுவிவிட்டு வந்து, “இந்த ஃபோல்டர்தாண்ணா, பார்த்துப் பண்ணுங்க” என்று ஈரக் கையோடு என் மவுஸைப் பிடித்தாள்.

லேப்டாப்பை விட்டுவிட்டு அவள் பஸ் ஏறியதும் மவுஸை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். வாடை போகவில்லை. மவுஸைக் குப்பையில் போட்டேன். தோல் எரிகிற வரை கையைத் தேய்த்துக் கழுவினேன். அருவருப்பு அடங்கவில்லை.

பிறகு வேலையைத் தொடங்கினேன். விண்டோஸுக்குப் பக்கத்தில் போடவா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடவா என்று திரையில் கேட்டது. சும்மா அழித்தால் விவரம் தெரிந்தவர்கள் மீட்டுவிடுவார்கள். அதனால் அந்தத் திரையிலிருந்து வெளியே வந்து, டிஸ்க் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பினேன். அதன் மேல் லினக்ஸை மட்டும் போட்டேன். பிறகு அவள் பாண்டிச்சேரிக்கு எடுத்துப் போனபோது, அங்கே டிஸ்க்கைப் பார்த்தவர் கண்டுபிடித்தது இதைத்தான். கை தவறிச் செய்ததல்ல சார்.

மறுநாள் அவளிடம், “டிஸ்க்கு பழசும்மா, தானா பூடுச்சு” என்றேன். கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் கூலி வாங்கவில்லை. அதற்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். இப்போது அம்மாவோடு மல்லாட்டை பிடுங்கப் போகிறாளாம். அதிலென்ன குறைச்சல்? அவர்களுக்குப் பழகிய வேலைதானே.

நான்தான் செய்தேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சாதிக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். எனக்குச் சுத்தம் முக்கியம், அவ்வளவுதான்.

டீ எனக்கா சார்? குடிக்கிறேன். அதற்கு முன்னால், தப்பாக நினைக்காதீர்கள், நீங்க என்ன ஆளுங்க?