உள்ளிருந்து திறந்த கண்

நெருக்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. நடந்தது நம் அமிர்தசாமியின் அண்ணி பெலிண்டாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். அரியமங்கலம் பட்டறைத் தெருவில் எல்லாக் கதவும் பூட்டு... ஒரு நாய்கூட இல்லை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பெலிண்டா பழைய பஸ் இரும்பில் சிற்பம் செய்கிறவள். தில்லை நகரில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு விலங்குச் சிலை கேட்டிருந்தார்கள். யானைத் தும்பிக்கை, சிங்க உடம்பு, மீன் வால்... வயிற்றில் ஆள் நுழைய ஒரு மூடி. எல்லாம் முடிந்து கண் மட்டும் பாக்கி. வீட்டில் மகள் ஜென்சி காய்ச்சலில் கிடந்தாள். முடித்துவிட்டு ஓட வேண்டும்.

சிலைக்குக் கண் திறக்கும்போது எதிரே நிற்கக் கூடாது, முதல் பார்வையைக் கண்ணாடிக்குத்தான் காட்ட வேண்டும் என்பார்கள். பெலிண்டாவுக்கும் தெரியும். கண்ணாடிக்கு எங்கே போவது? எதிரே நிற்காவிட்டால் சரிதானே என்று வயிற்றுக்குள் புகுந்து, கழுத்து வரை ஏறி, உள்ளிருந்தே இரண்டு கண்ணையும் வெட்டித் திறந்தாள். பெரிய கெட்டிக்காரி... அதுதான் வினையாகிவிட்டது.

டங்... மூடி சாத்திக்கொண்டது. பிறகு ட்ஸ்ஸ்ஸ்... மூடியின் ஓரமாக நீல வெளிச்சம் ஊர்ந்தது. கருகிய இரும்பு வாடை. வெளியிலிருந்து யாரோ வெல்டிங் வைக்கிறார்கள். பட்டறையில் அவளைத் தவிர யாருமே இல்லை.

கத்தினாள். தட்டினாள். சூட்டில் உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. கண் ஓட்டையில் முகத்தை வைத்துப் பார்த்தாள். வெல்டிங் வைத்த உருவம் எதிரே வந்து நின்று முகமூடியைத் தூக்கியது... பெலிண்டா. அவளேதான். நெற்றித் தழும்புகூட இருந்தது.

பைக் சத்தம். கூட்டிப்போகப் புருஷன் பிரவீன்ராஜ் வந்துவிட்டான். உயிரைக் கொடுத்து இரும்பை அடித்தாள். அவன் நின்றான்.

"என்ன சத்தம் அதுக்குள்ள?"

"வெயில்ல காஞ்ச இரும்புங்க, அப்படித்தான் தட்டும். வாங்க, பாப்பா தேடுவா."

குரலும் அவளுடையதே. பைக் சத்தம் தூரத்தில் தேய்ந்து அடங்கியது. என் பிள்ளைகிட்டப் போறாளே... என் பிள்ளைகிட்டப் போறாளே என்று உள்ளே பெலிண்டா தொண்டை வற்றும் வரை அழுதாள்.

சிற்பம் இப்போது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. நல்ல வேலைப்பாடு என்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். ஜென்சிக்கு அந்தக் காய்ச்சல் விட்டபாடில்லை. பைக்கில் ஏறிப் போனாளே, அவள்தான் தூக்கிக்கொண்டு வருகிறாள். வாசலுக்கு வந்ததும் குழந்தை அந்த விலங்கின் கண்ணை நோக்கி இரண்டு கையையும் நீட்டுகிறது.

"அம்மா... வெளிய வா."

தூக்கி வந்தவள் குழந்தையின் வாயைப் பொத்தியபடி உள்ளே போகிறாள்.