பத்து விநாடி

சதுரங்கப் போட்டிக்கு நேரம் வைப்பது சட்டைக்குத் துணி வெட்டுவது மாதிரிதான். கூடினால் தொளதொளக்கும், குறைந்தால் கை நுழையாது. எங்கள் சங்கத்தில் பதினாலு வருடமாக அந்தக் கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது. செயலாளர் என்று பெயர். வேலை என்னவோ, நூலக மாடியில் மேசைகளை இழுத்துப் போடுவதும், ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் என்று முடிவு செய்வதும்தான்.

பொறுமையாகக் கேட்கிறீர்கள், அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

என் தங்கைக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவள் நான். பிறகு அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். வென்றவர் பெயரை எழுதும் பலகை ஒன்று மாடிச் சுவரில் இருக்கிறது. அதில் தொடர்ந்து ஒன்பது வருடம் அவள் பெயர்தான். இரண்டாவதாக வருபவர்களுக்குப் பலகை கிடையாது. சங்கத் தலைவரான பல் டாக்டருக்கு வாய் சும்மா இருக்காது. "அக்காவுக்கு ரெண்டாவது எடத்தப் பட்டா போட்டே குடுத்தாச்சு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். தங்கை மட்டும் சிரிக்கமாட்டாள். அதுதான் எனக்கு உறைக்கும்.

போன வருடம் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் அவள் என் வீட்டுக்கு வந்தாள். டீ கொடுத்தேன். கோப்பையைத் தூக்காமல், மேசையில் வைத்தபடியே குனிந்து உறிஞ்சினாள்.

"என்னடி இது, பூனை மாதிரி?"

மடியிலிருந்த வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கோப்பைக்குள் டீ வட்டம் வட்டமாக அதிர்ந்தது.

"நரம்புக் கோளாறாம்க்கா. இனிமே கூடத்தான் செய்யுமாம். வீட்ல தெரியும், ஆபீஸ்ல தெரியும். எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிப் பாக்குறாங்க. சங்கத்துல மட்டும் யாருக்கும் தெரியாது. அங்க மட்டும்தான் நான் நோயாளி இல்ல."

"நான் யாருக்கும் சொல்லமாட்டேன்டி."

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா. எப்பவும் போல மூவுக்குப் பத்து விநாடி கூடுற மாதிரியே வை. அது இருந்தா மெதுவா எடுத்து மெதுவா வச்சிடுவேன். இல்லன்னா மாட்டிக்குவேன்."

"சரி" என்றேன்.

ஆடத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு அரை மணி நேரம். காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினால், ஒவ்வொரு முறையும் உங்கள் கணக்கில் பத்து விநாடி சேரும். சின்ன விஷயம். கை தடுமாறுகிறவர்களுக்கு அதுதான் மூச்சு.

செயற்குழுவில் மூன்று பேர்: டாக்டர், கடிகாரம் பழுது பார்ப்பவர், நான். இந்தமுறை கூடுதல் நேரம் வேண்டாம் என்றேன். கணக்கையும் போட்டுக் காட்டினேன். அறுபது நகர்த்தல் ஓடினால் இரண்டு பேருக்குமாக இருபது நிமிடம். நாலு சுற்றுக்கு எண்பது நிமிடம். ஒன்றரைக்குத் தொடங்கினால் ஆறு மணிக்கு முடியாது. ஆறு மணிக்கு நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள்.

கடிகாரக்காரர் இழுத்தார். "கொஞ்சம் அவசர அவசரமா ஆயிடுமேம்மா."

"யோவ், உன் ஆட்டம் பதினஞ்சு மூவுல பாடையேறிடும். உனக்கெதுக்குய்யா கூடுதல் நேரம்?" என்றார் டாக்டர்.

அதோடு தீர்மானம் நிறைவேறியது. நான் கொடுத்த வாக்கையும் மீறவில்லை. அவள் கை நடுங்குவதை யாரிடமும் சொல்லவில்லை.

போட்டியன்று விதிகளை நான்தான் வாசித்தேன். கூடுதல் நேரம் கிடையாது. காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். தட்டிவிட்ட காயைத் தன் நேரத்திலேயே நிமிர்த்த வேண்டும். தங்கை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பாள். அக்கா அல்லவா.

முதல் மூன்று சுற்றிலும் எதிராளிகளைச் சீக்கிரமே மடக்கிவிட்டாள். நாலாவது சுற்றில் அவளும் நானும். அவளிடம் ஒரு யானை அதிகம். ஆட்டம் முடிந்த மாதிரிதான். ஆனால் அவள் கடிகாரத்தில் ஒரு நிமிடம்தான் இருந்தது. நான் விட்டுக்கொடுத்திருக்கலாம். அதற்குப் பதிலாக ராஜாவை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

அவள் கை யானையிடம் போனது. பக்கத்துச் சிப்பாய் விழுந்தது. நிமிர்த்தினாள்; மந்திரி விழுந்தது. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யானையை எடுத்தாள். அது பலகையில் தடதடவென்று தட்டியது. கடிகாரத்தில் பூச்சியம் வந்தது.

எங்கள் சங்கத்தில், நேரம் முடிந்ததை எதிராளி சொன்னால்தான் கணக்கு.

"நேரம் முடிஞ்சிடுச்சு" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

டாக்டர் அவளிடம் குனிந்து, அன்பாகத்தான், எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "எத்தன நாளாம்மா இது?"

அவள் பதில் சொல்வதற்குள் நூலகர் மாடியேறி வந்தார். மணி ஐந்தரை. "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா? எட்டு மணி வரைக்கும் தெறந்து வைக்கிறேன்னு இவங்ககிட்ட அப்பவே சொன்னேனே."

ஆமாம், என்னிடம் சொல்லியிருந்தார். செயற்குழு கூடுவதற்கு முந்தின நாளே சொல்லியிருந்தார்.

தங்கை என்னைப் பார்த்தாள். கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள். "நல்லா ஆடினக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த மாடிக்கு வரவில்லை. பலகையில் இப்போது என் பெயர் இருக்கிறது. பெயின்ட் காய்ந்த பிறகும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மேசையை இழுத்துப் போடும்போதெல்லாம் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இழுக்கிறேன்.

செய்த தப்புக்குப் பரிகாரம் தேடாமலும் இல்லை. இந்த வருடம் அந்தப் பத்து விநாடியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். "தங்கச்சி திரும்பி வரணும், அதுக்காகத்தான்" என்று குழுவில் சொன்னபோது கடிகாரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை. நேரில் போய்ச் சொல்வதுதான் முறை, கைவேலை முடியட்டும் என்று இருந்தேன். பெயர் கொடுக்கக் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை. அந்தத் தேதியையும் நான்தான் வைத்தேன்.