பதினேழு இடுப்பு

— ரெண்டு மில்லிமீட்டர் கோணல் தாயி. தள்ளிப் போடு, வேற எடு.

— சார், மனு என் கடை மேல. அத என் கடையிலயே ஜெராக்ஸ் போடறீங்க. அதுல கோணல் வேற பாக்கறீங்க.

— பின்ன, இதுக்குன்னு தேன்கனிக்கோட்டைக்கு பஸ் ஏறவா முடியும்? முப்பத்திரண்டு வருசம் கம்பெனியில தரம் பாக்குத கியூ.சி.யில நின்னவன் நான். பிரேக் டிரம்முல ஒரு முடி கனம் வித்தியாசம் இருந்தா லாரியோட திருப்பி அனுப்புவேன். சுடலைமுத்து வாரான்னு சொன்னாப் போதும், சிப்காட்ல மெசினெல்லாம் நடுங்கும்.

— என் மெசினு நடுங்கல, சூடாயிகினு கெடக்குது. எத்தினி காப்பி வேணும், அத சொல்லுங்க.

— அஞ்சு. கவுன்சிலருக்கு ஒண்ணு, ஸ்கூலுக்கு ஒண்ணு, வேன்காரன் சென்னகிருஷ்ணனுக்கு ஒண்ணு, போலீஸ் ஸ்டேசனுக்கு ஒண்ணு.

— நாலுதான் ஆச்சு.

— அஞ்சாவது ஃபைல் காப்பி. அது எவனுக்கும் போகாது, என் பீரோவுல கெடக்கும். நீ தள்ளு. ரெண்டாம் பக்கத்த நானே போட்டுக்கிடுதேன். அந்தப் பக்கமாத் திரும்பி நில்லு, படிக்கப்புடாது.

— திரும்பிட்டன். மாதேஸ்வரி கண்ணு செவுத்த பாக்குது, போதுமா? பச்ச பட்டன அமுக்குங்க.

— தெரியும், தெரியும். ஆச்சு. அஞ்சும் நேரு.

— மொதப் பக்கமாவது படிக்கலாமா?

— அது ஊரே படிக்கதுக்குத்தான் எழுதினது. சத்தமாப் படி.

— “ராயக்கோட்டை சாலையிலுள்ள சரிதா ஃபேன்சி ஸ்டோர் என்னும் கடையில், பள்ளி வேன் வந்து நின்று குழந்தைகள் இறங்கும் மாலை நாலே கால் மணிக்கு, தினந்தோறும் ஒரு பாடல் ஒலிபெருக்கியில் போடப்படுகிறது. மேற்படி பாடலின் நீளம் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அதில் இடுப்பு பதினேழு. உதடு ஒன்பது. கட்டில் இரண்டு.” சார், நெஜமா சொல்லுங்க. ஒக்காந்து எண்ணினீங்களா?

— நின்னு எண்ணினேன். மூணு நாள் எண்ணி ஆவரேஜ் எடுத்தது. பதினெட்டாவது இடுப்பு வார எடத்துல மேளத்தப் போட்டு அடிக்கான், சரியாக் கேக்கல. சந்தேகத்தோட பலன உனக்கே குடுத்துட்டேன்.

— ரொம்ப உபகாரம். “இந்நிலை நீடித்தால் சிப்காட் முதல் உத்தனப்பள்ளி வரை அனா ஆவன்னா தெரிந்த குழந்தை ஒன்றுகூட மிஞ்சாது.” உத்தனப்பள்ளி வரிக்கும் கேக்கற ஸ்பீக்கர் எங்கிட்ட ஏது சார்?

— கேக்குது. அங்கன ஒரு மாடு இந்தப் பாட்டக் கேட்டு வெக்கப்பட்டு பால் கறக்க மாட்டேங்குதாம்.

— மாடு வெக்கப்படுதா.

— ஒரு மாடில்ல, ரெண்டு. கோவிந்தப்பன் வந்து சொன்னான்.

— கோவிந்தப்பன் போன வருசமே மாட்ட வித்துட்டான் சார்.

— அதத்தான் சொல்லுதேன். வித்த மாடு. வாங்குனவன் பாவம்.

— அட போங்க சார். வயிறு வலிக்குது சிரிச்சு சிரிச்சு.

— சிரி. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நேத்து அந்த ரெட்டச்சடை பிள்ள வந்தால்லா, ரப்பர் வாங்க. நீ எடுத்துக் குடுக்கதுக்குள்ள அந்தப் பாட்ட முழுசும் பாடிட்டா. கட்டில் வரைக்கும். பின்னால ரெண்டு பயலுவ சிரிச்சான். பாத்தியா?

— பாத்தன். கம்பெனிப் பசங்க.

— அவளுக்கு அர்த்தம் தெரியாது. நம்ம பாட்டு எல்லாருக்கும் புடிச்சிருக்கு போலன்னு இன்னும் சத்தமாப் பாடுனா. அதான் தாயி எனக்குப் பொறுக்கல. என்னைக்காவது அர்த்தம் புரியும்லா. அன்னைக்கி, யார் யாரெல்லாம் பக்கத்துல நின்னு சிரிச்சான்னு நெனச்சுப் பாப்பா.

— இன்னா பண்ணட்டும் சார்? சாமிப் பாட்டு போட்டா ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பொண்ணுங்க உள்ள வர மாட்டேங்குது. கன்னடம் போட்டா தமிழ் கேக்கறாங்க, தமிழ் போட்டா ஒரியாக்காரன் போன எடுத்து நீட்டறான், இத போடு அத போடுன்னு. ஒண்ணுமே போடலன்னா நானும் இந்த ஃபேனுந்தான். எங்க வூட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். நான் வூட்டுக்குப் போறப்ப அவரு இல்ல, அவரு வர்றப்ப நான் கடையில. ஒரே வூட்டுல இருக்கறம், போன்லதான் பேசிக்கறம்.

— எனக்கும் ஃபேனுதான். ஆனா என் ஃபேன் ஒழுக்கமான ஃபேன், கேட்டியா. இடுப்பு உதடு எதுவும் பாடாது. கடக், கடக். அவ்ளோதான். பகல் பூரா அதுகூடத்தான் பேச்சு. நான் ஒண்ணு சொன்னா அது ரெண்டு சொல்லும். போன செவ்வாக்கெழம எங்களுக்குள்ள பெரிய சண்ட, ஒரு நாள் முழுக்க நான் அதப் போடவே இல்ல.

— வேர்க்கலயா?

— வேர்த்துது. சத்தம் இல்லாமப் போச்சுன்னு நான்தான் முதல்ல எறங்கி வந்தேன்.

— ஃபேன்கிட்ட எறங்கி வருவீங்க. மனுசங்ககிட்ட?

— மனுசங்ககிட்ட நான் புலி. பெங்களூர்ல ஒரு ஸ்கூல் ஆண்டு விழா. பத்தாயிரம் பேரு ஒக்காந்திருக்கான்.

— ஸ்கூல்ல பத்தாயிரமா?

— சரி, ஐநூறு. மேடையில அஞ்சு பொடிசு, இதே பாட்டுக்கு ஆடுதுங்க. இதே பதினேழு இடுப்பு. கீழ தகப்பம்மாரெல்லாம் விசிலடிக்கான். நான் எந்திரிச்சேன். மேடை இருபது அடி உசரம். ஒரே தாவு. வயரப் புடுங்குனேன் பாரு, பாட்டு நின்னுச்சு, விசில் நின்னுச்சு, பெங்களூர்ல டிராஃபிக்கே நின்னுபோச்சு.

— அங்க எப்பவும் நின்னுகினுதான் இருக்கும். அப்புறம் இன்னா ஆச்சு?

— அப்புறம் என்ன. சத்தமே இல்ல. நாலு பிள்ளைங்க அப்படியே நின்னுட்டு. நடுவுல ஒருத்தி மட்டும் நிக்கல. பாட்டு இல்லாமலே நாலு ஸ்டெப் போட்டா. வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே. ஒன், டூ, த்ரீ, ஃபோர். ஒண்ணுகூட பிசகல. அப்புறந்தான் திரும்பி என்னயப் பாத்தா. கையில வயரோட நின்னேன்.

— பாத்துட்டு?

— அழுதா.

— யாரு வூட்டுக் கொழந்த சார் அது?

— யாரோ. யாரோ ஒரு பிள்ள. நீலப் பாவாட, ஜரிகையில நட்சத்திரம் பன்னெண்டு. இடது பக்கம் ஒண்ணு தையல் விட்டுத் தொங்குச்சு. வலது காதுல கம்மல் லூசு.

— யாரோ ஒரு பிள்ளைக்கு இத்தினி எண்ணி வெச்சிருக்கறீங்க.

— கியூ.சி. கண்ணு தாயி. மூடிக்கிட்டாலும் எண்ணிக்கிட்டே கெடக்கும்.

— சார், ஒண்ணு சொல்றன், கோச்சுக்காதீங்க. நாளைல இருந்து அந்தப் பாட்ட நான் போடல.

— என்னது?

— காலைல ஸ்கூல் எச்.எம். வந்தாங்க. க்ளாஸ்ல பசங்க பாடறானுங்களாம். சண்டையெல்லாம் போடல, நல்லபடியாத்தான் கேட்டாங்க. எனக்கும் அந்த ரப்பர் கொழந்த நெனப்பாவே இருந்துச்சு. சரின்னுட்டன். மனுவெல்லாம் தேவையில்ல சார், நீங்க ஜெயிச்சுட்டீங்க.

— ஜெயிச்சேனா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே.

— அதான் நிறுத்தறன்னு சொல்றனே.

— அதெப்படி நிறுத்துவ. முதல்ல மனு. அப்புறம் உனக்கு நோட்டீசு. நீ அதுக்குப் பதில் எழுதணும். அந்தப் பதில நான் ஏத்துக்கிட மாட்டேன். அப்புறம் பதினஞ்சு நாள் அவகாசம். நடுவுல நேரடி ஆய்வு, தினமும் நாலே காலுக்கு. எப்படியும் தீவாளி வரைக்கும் இழுக்கும்னு நான் வச்சிருந்தேன். ஒரு எச்.எம். வந்து நல்லபடியாக் கேட்டாங்கன்னு ஒரே நாள்ல விட்டுக் குடுத்திருவியா? எதுத்து நிக்க வேண்டாமா ஒரு கடைக்காரி?

— பாட்டு தப்புன்னு நீங்கதான சார் சொன்னீங்க.

— தப்புதான்.

— அப்ப நிறுத்தணும்ல?

— நிறுத்தணும்தான். சரி. நிறுத்திரு. பிள்ளைங்களுக்கு நல்லது.

— நாளைக்கு வருவீங்கல்ல?

— குத்தம் இல்லாத கடையில கியூ.சி.க்கு என்ன வேல?

— சும்மா வாங்க. டீ சொல்றன்.

— சும்மா வந்து எனக்குப் பழக்கமில்ல தாயி. போறேன்.

— போறன்னு சொல்லாதீங்க சார். வரன்னு சொல்லுங்க.

— ரெண்டும் ஒரே வாசல்தான். விடு, படி மூணு இருக்கு, எனக்குத் தெரியும். கையப் புடிக்க வேண்டாம்.

* * *

— ஹலோ, செல்வி அக்கா? மாதேஸ்வரி பேசறன். இப்பத்தான் உங்க அப்பா கெளம்பிப் போறாரு.

— இரு மாதேஸ்வரி, மீட்டிங்ல இருந்து வெளிய வந்துடறேன். ம், சொல்லு. அப்பா எப்படி இருக்கார்?

— ஷேவ் பண்ணிருக்காரு. சட்ட அயர்ன் பண்ணது. எடது முட்டி நேத்து இழுத்த மாதிரி இழுக்கல. பேசறது எப்பவும் போல, மாட்டுக்கு வெக்கம் வந்துடுச்சுன்னாரு. நாலு தடவ சிரிச்சாரு. அவரோட இருந்து இருந்து எனக்கும் எண்ணற வியாதி வந்துடுச்சுக்கா.

— நாலு தடவையா? போன வாரமெல்லாம் ரெண்டுதானே.

— அக்கா, இனிமே அந்தப் பாட்ட போட முடியாது. ஸ்கூல்ல இருந்தே வந்துட்டாங்க. எனக்கும் மனசு ஒப்பல. நீங்க அழுதுகினே கேட்டீங்கன்னு போட்டன். மத்த நேரத்துல போட்டுப் பாத்தப்ப அவரு எட்டிக்கூட பாக்கல. பிள்ளைங்க எறங்கற நேரத்துக்குப் போட்டாத்தான் ஓடியாந்தாரு. ஆனா ஒருத்தர வெளிய கூப்புட ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அத மனப்பாடம் பண்ணிகினு போவுது. அவரு சொல்றதுல ஞாயம் இருக்குதுக்கா.

— தெரியும். அன்னிக்கு மேடையிலயும் நியாயம் இருந்துச்சு. அத ஒத்துக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு. என் பொண்ணு அத்தனை பேர் முன்னாடி அழுதாளேன்னு, இனிமே என் வாசல் மிதிக்காதீங்கப்பான்னு சொல்லிட்டேன். ஒரு கோவத்துல சொன்னது. அவர் அத அப்படியே எடுத்துக்கிட்டார். போன் எடுக்கல. நேர்ல வந்து நின்னேன், கதவைத் திறக்கல. பத்தொம்பது நாளா வெளியவே வரல. கேட்ல பால் பாக்கெட் தொங்கிட்டே இருந்துச்சு.

— பாத்தன்க்கா. மூணு பாக்கெட்டு. அன்னிக்குத்தான் நீங்க என் கடை ஸ்டூல்ல வந்து ஒக்காந்தீங்க.

— அப்பாவ வெளிய கொண்டு வரணும்னா ஒரு தப்பு நடக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரே தப்பு அந்தப் பாட்டுதான்.

— ஓடியாந்தாரு பாருங்க அன்னிக்கு. மொத இடுப்பு முடியறதுக்குள்ள கடையில நிக்கறாரு, ஒரு கால்ல செருப்பு இல்ல.

— இப்ப நிறுத்திட்டா?

— வரமாட்டன்னுட்டாரு. சும்மா வந்து பழக்கமில்லயாம்.

— நிறுத்திடு மாதேஸ்வரி. இன்னொருத்தர் குழந்தை பாடி நாலு பேர் சிரிக்கறதுக்கு நான் காரணமா இருக்க வேண்டாம். வேற ஏதாவது யோசிப்போம்.

— யோசிக்கலாம்க்கா. ஒரு நிமிசம், ஜெராக்ஸுக்கு ஆளு நிக்குது. ஐய, மெசினுக்குள்ள ஒரிஜினல வுட்டுட்டுப் போயிட்டாரு. காப்பிய மட்டும் எண்ணி எடுத்துகினு போயிருக்காரு. இவரா முப்பத்திரண்டு வருசம் கியூ.சி.?

— அப்பாவா? அவர் ஒரு குண்டூசியக்கூட மறந்து வெச்சது இல்லையே.

— ரெண்டாம் பக்கம். படிக்கப்புடாதுன்னு என்ன செவுத்தப் பாக்க வெச்சிட்டு அவரேதான் போட்டாரு.

— படி.

— “நகல். ஒன்று, வார்டு கவுன்சிலர். இரண்டு, தலைமை ஆசிரியை. மூன்று, வேன் உரிமையாளர் சென்னகிருஷ்ணன். நான்கு, காவல் நிலையம்.” அஞ்சாவது ஃபைல் காப்பி, எவனுக்கும் போவாதுன்னாரு. இங்க யாரு பேரோ எழுதியிருக்குதுக்கா.

— யார் பேரு?

— “ஐந்து, குமாரி ராஜலட்சுமி, ஒன்றாம் வகுப்பு, பெங்களூரு.”

— என் பொண்ணு.

— கீழ ஸ்கேல் வெச்சு கட்டம் போட்டு எழுதியிருக்காரு, கம்பெனி ரிப்போர்ட்டு மாதிரி. “ஆய்வு முடிவு. பாட்டு: ரிஜெக்ட். வயரைப் பிடுங்கிய முறை: ரிஜெக்ட். பாட்டு நின்ற பிறகும் பாப்பா போட்ட நாலு ஸ்டெப்: ஓ.கே. ஆய்வாளர், தாத்தா.”