டீக்கனின் இடது கால்

முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது, நின்றபடியே சொல்கிறேன். புது இசைத்தட்டின் பின்னட்டையில் அச்சடிக்க, நான் இந்தக் குழுவில் பேஸ் என்னும் அடிநாத வாத்தியத்தை வாசிக்க வந்த கதை வேண்டும் என்றீர்கள். சந்தோஷமான கதைதான்.

அமெரிக்காவில் எங்கள் நூவர்க் நகர மதுக்கடைகளில் ஆர்கன் வந்ததும் பேஸ்காரர்களுக்குப் பிழைப்பு போயிற்று. ஆர்கன்காரர் கையால் பாட்டையும், இடது காலால் கீழ்க்கட்டைகளை மிதித்து பேஸின் அடிநாதத்தையும் வாசித்துவிடுவார். டார்வர் அதில் ராஜா. தேவாலயத்தில் வாசித்துப் பழகியவர், அதனால் டீக்கன், அதாவது தேவாலய ஊழியர், என்று பட்டம். நான் என் பேஸை அடகு வைத்துவிட்டு அவருடைய ஆர்கனைத் தூக்கப் போனேன். நானூறு பவுண்டு கனம்.

முதல் தட்டைப் பதிவு செய்த மத்தியானம் நாற்காலிகூடத் தாளம் போட்டது. பதிவு செய்பவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்டார்: "பேஸ் யாருப்பா?"

டீக்கன் இடது காலைத் தூக்கி ஆட்டினார். "இவருதான். சாப்பாடு கேக்கமாட்டாரு, சம்பளம் கேக்கமாட்டாரு, நம்ம ஓடெல் மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கவும் மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது ஓடெலாகிய நான்தான். அட்டைப்படத்துக்காக அந்தக் காலின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டதும் நான்தான்.

தட்டு வந்ததும் ஊரே ஆடியது. சலூனில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து ஆடினார்கள். நானும் ஆடினேன். ஆடிக்கொண்டே நினைத்தேன்: பாவம், அந்தக் காலுக்கு ஓய்வே இல்லை.

அடுத்த வாரம் ஒரு மாடிக் கடைக்கு ஆர்கனை ஏற்றினோம். டிரம்ஸ் வாசிக்கும் பர்விஸை மேல்கதவைத் திறக்க அனுப்பினேன். மேலே ஆர்கனைக் கட்டிய பட்டையைப் பிடித்திருந்தது நான். கீழே தாங்கியது டீக்கன்.

"மெதுவாடா ஓடெல். பொண்டாட்டியக்கூட நான் இப்படிக் கட்டிப்பிடிச்சதில்ல."

"அண்ணே, இடது கால அந்தப் படியில முட்டுக் குடுங்க."

"குடுத்தாச்சு. டான்ஸ் ஆடணுமா?"

பட்டை நழுவியது என்று எல்லோரிடமும் சொன்னேன். நழுவவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். ஆர்கன் ஒரே ஒரு படிதான் இறங்கியது.

டீக்கனின் இடது பாதத்தைக் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். நான் என் பேஸை மீட்டேன். புதுத் தட்டைக் கேட்டீர்களே, டீக்கன் இப்போது பேஸ் கவலை இல்லாமல் எப்படிப் பறக்கிறார் பாருங்கள். என் தோளைப் பிடித்துத்தான் மேடை ஏறுகிறார். ஏறியதும் கையை எடுத்துக்கொண்டு ஆர்கன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்.

அட்டையில் இடமிருந்தால் இதையும் போடுங்கள்: டீக்கன் எனக்கு ஒரு நன்றி பாக்கி.